பாட்டைக் கண்ணால் பார்த்தவர்கள்

கடல் ஓயாமல் வந்து அடிதொழும் கரையில் மணலையே திருமேனியாகக் கொண்டு அமர்ந்தவனே, இரண்டு கண் உடையோர் காணத் தவறுவதையெல்லாம் மூன்றாம் கண்ணால் காண்பவனே, துணை நிற்க. நான் எழுதப்போவது கபடியைப் பற்றி. அதன் முன்னே உன் திருநாமத்தை வைப்பது தகுமோ என்று நான் தயங்கவில்லை. உயிர்களுக்கு மூச்சைத் தந்தவன் நீ. மூச்சை அறவிடாமல் ஆடவேண்டிய ஆட்டம் அது.

இன்று வைகாசித் திங்கள், வளர்பிறைப் பஞ்சமி, வியாழக்கிழமையோடு பூச நட்சத்திரம் கூடிய நன்னாள். குருவாரத்தில் பூசம் வாய்ப்பது அரிது. திருவாடானைக் கோயிலில் காலைப் பூசை கண்டு, நீறு தரித்து, வீடு வந்து, மின்விசிறிக்குப் பறக்காதபடி தாள்களின்மேல் தேவாரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் நெடுங்காலம் நிரப்பப்படாமலே கிடந்தது. தலைமையாசிரியர் ஒருநாள் விசிலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, “தொண்டை உள்ள ஆளு இங்கன நீங்க ஒருத்தர்தான் சார்” என்றார். அரசு செய்யத் தவறிய நியமனத்தை என் தொண்டை ஏற்றுக்கொண்டது. அப்படித்தான் நான் கபடி நடுவரானேன். நாள்தோறும் விடியலில் பதிகம் ஓதுபவன் என்பதால், அடியின் நடுவே மூச்சு அறுந்தால் என் காதுக்கு உடனே தெரிந்துவிடும். கபடிக்கு அந்தக் காது வேண்டியிருந்தது. எதிரணிக் களத்துக்குள் செல்பவன் ‘கபடி, கபடி’ என்ற பாட்டை விடாமல் பாடிக்கொண்டே சென்று, பாடிக்கொண்டே திரும்ப வேண்டும். அங்கே பாட்டு அறுந்தால் அவன் வெளியேற வேண்டும். ஆட்டத்தின் உயிரே இந்த விதியில்தான் இருக்கிறது. ஓடுவதும் தொடுவதும் ஓடிப் பிடித்து ஆடும் குழந்தைகளுக்கும் தெரியும்.

எங்கள் மாவட்டத்தில் கபடி இப்போது சம்பளத்துக்கு ஆடப்படும் தொழில். இறால் பண்ணைக்காரர், நகைக்கடைக்காரர், லாரி முதலாளி என்று ஆளுக்கோர் அணியை வாங்கி வைத்திருக்கிறார்கள். சந்தையில் மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல ஆட்டக்காரர்களின் தொடையைத் தட்டிப் பார்த்து ஏலம் எடுக்கிறார்கள். தரைக்கு ரப்பர் விரிப்பு வந்துவிட்டது, தலைக்குமேல் பறந்து படம் பிடிக்கும் கருவி வந்துவிட்டது, ஒவ்வொரு புள்ளிக்கும் இரைச்சலான ஒரு சினிமாப் பாட்டு வந்துவிட்டது. நடுவர்களின் தரம் மட்டும் வரவில்லை. ஓரூரில் வெளிக்கோட்டை மிதித்தால் ஆட்டக்காரன் வெளியே. அடுத்த ஊரில் அதே கோட்டை மிதித்தால், காற்றில் விரிப்பு நகர்ந்துவிட்டது என்பார்கள். சென்ற பருவத்தில் அப்படி ஒரு தீர்ப்புக்காகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன.

நாற்காலிகள் பறந்ததால்தான் சீர்திருத்தமே பிறந்தது. போட்டிக் குழுவின் செயலர் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடும் தொழில் செய்பவர். உடைந்தவை அவருடையவை. ஆகவே நடுவர் தரத்தில் உளமார்ந்த அக்கறை கொண்ட மனிதர் மாவட்டத்திலேயே அவர் ஒருவர்தான்.

இராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து நடுவர்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார். மூத்தவன் என்பதால் என்னையும் அழைத்தார்கள். மணமக்கள் அமரும் சிம்மாசனத்துக்கு எதிரே எங்களை வரிசையாக உட்காரவைத்து, திரையில் படம் காட்டி, நடுவர் எப்படி நிற்க வேண்டும், கையை எந்தக் கோணத்தில் உயர்த்த வேண்டும், தொலைக்காட்சிக்கு எந்தப் பக்கம் முகம் காட்ட வேண்டும் என்று விளக்கினார்கள். கபடி ஆடத் தெரிந்த ஒருவரும் மேடையேறவில்லை. நண்பகல் உணவு மிகச் சிறப்பாக இருந்தது என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

அந்த மண்டபத்தில்தான் அந்தப் பெண்ணை முதலில் பார்த்தேன். கீழக்கரைச் சாலையில் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள். நடுவர் தேர்வு எழுதித் தேறியவள். போட்டி நாட்களுக்குப் பள்ளி விடுப்புத் தர மறுத்ததால் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். குழுவில் நிரந்தர நடுவராக இடம் கிடைத்தால் பிழைப்பு. கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. அங்கிருந்தவர்களில் பெண் அவள் ஒருத்திதான். இழக்க ஏதேனும் உடையவளும் அவள் ஒருத்திதான்.

அவள் எழுந்து கேட்டாள்: “சார், பாட்டு கேக்கணுமா, வேணாமா?”

செயலர் சிரித்தார். “அது பெறகு பேசுவம் தாயி. மொதல்ல கை காட்டுறதைக் கத்துக்கிருவம்.”

உணவுக்குப் பின் மறுபடி எழுந்தாள். “பெறகு வந்துருச்சு சார். பாட்டு கேக்கணுமா, வேணாமா?”

மண்டபமே சிரித்தது. அமளியைத் தணிக்க நான் எழுந்து, பாட்டு முதன்மையானதுதான், ஆயினும் சத்தமும் கூட்டமும் உள்ள சூழ்நிலையையும் கருத வேண்டும் என்று, இருதரப்புக்கும் நோகாமல், நாற்பது ஆண்டு ஆசிரியப் பணி கற்றுத்தந்த வழவழப்போடு சொன்னேன்.

“விதிப் புத்தகத்துல சூழ்நிலைன்னு ஒரு பக்கம் இருக்கா சார்? எனக்கு அச்சடிச்சதுல அது விட்டுப்போச்சு போல” என்றாள்.

எனக்குக் காது சுட்டது. அவளை அன்று எனக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய நாக்கு இன்றும் எனக்குப் பிடிப்பதில்லை.

மாலையில் குழு இரண்டு சீர்திருத்தங்களை அறிவித்தது. நடுவர்கள் ஏன் தவறு செய்கிறார்கள்? போதிய மரியாதை இல்லாததால். ஆகவே இனி ஆட்டத்துக்கு முன் நடத்தும் ஊர் மட்டுமன்றி இரண்டு அணிகளும் நடுவருக்கு மாலையிட்டுப் பொன்னாடை போர்த்த வேண்டும். இரு பக்கமும் சமமாகப் போர்த்தினால் தீர்ப்பும் சமமாகிவிடும் என்பது கணக்கு. துலாக்கோலின் இரு தட்டிலும் ஒரே அளவு வெல்லம் வைத்தால் எறும்பு எந்தப் பக்கமும் சாயாது என்று நம்பும் மனிதர்களோடு வாதிட முடியாது. இரண்டாவது, ஐயமுள்ள தீர்ப்புகளை ஒளிப்பதிவில் பார்த்து மூவர் மறுஆய்வு செய்வார்கள். புதியவளான அந்தப் பெண்ணுக்கு ஓர் ஆட்டத்தைக் கொடுத்து, அதே மூவர் அவளை மதிப்பிட்டு, அவளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். மூவர் யார்? செயலர், பழைய ஆட்டக்காரர் ஒருவர், நான்.

பழைய ஆட்டக்காரரைப் பற்றி ஒரு சொல். ஒருகாலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். இப்போது முழங்கால் போய், ஒலிபெருக்கியில் ஆட்ட வருணனை செய்கிறார். பேசுவதைவிட வெற்றிலை போடுவதில் நாட்டம் மிகுந்தவர். அதனால் எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டு.

மாரியூருக்குக் கிழக்கே கரையூர் என்னும் கடற்கரை ஊரில், கோயில் திருவிழாவை ஒட்டி ஆட்டம். இறால் பண்ணைக்காரரின் அணிக்கு அது சொந்த ஊர். எதிரணி வைகைக் கரைப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. வெயில் தாழ்ந்ததும் தொடங்கும் என்றார்கள். வெயில் தாழ்ந்தது, கடற்காற்று எழுந்து விரிப்பின்மேல் மணலைத் தூவியது, ஆட்டம் தொடங்கவில்லை. காரணம், முதல் சீர்திருத்தம். நடுவருக்கு முதலில் பொன்னாடை போர்த்துவது எந்த அணி என்று தகராறு.

“எங்க ஊரு, எங்க சாமி. முதல் மரியாதை நாங்கதான் செய்வோம்” என்றார் பண்ணைக்காரர்.

“வந்தவுகளுக்கு வழி விடுறதுதான் மரியாதை” என்றார் எதிரணியின் மேலாளர்.

“அப்பச் சோறு மொதல்ல எங்களுக்கு, துண்டு மொதல்ல உங்களுக்கு. சரியா?” என்று கூட்டத்தில் ஒருவர் பஞ்சாயத்துச் செய்தார்.

தேரோட்டத்தில் வடம் பிடிக்கும் உரிமைக்காக வழக்குமன்றம் வரை செல்கிற சீமை இது. முதல் மரியாதை என்ற சொல்லை இங்கே இருவருக்குச் சமமாகப் பங்கிட நினைத்தவர் வேறு எங்கிருந்தோ வந்தவராக இருக்க வேண்டும். செயலரோ பிறந்தது முதல் இங்கேதான் இருக்கிறார். திருவுளச் சீட்டுப் போடலாம் என்றார். சீட்டை எந்தப் பக்கத்துக் குழந்தை எடுப்பது என்று அடுத்த தகராறு பிறந்தது. ஆட்டக்காரர்கள் உடல் சூடாக்கி, ஆறி, மறுபடி சூடாக்கினார்கள்.

அந்தப் பெண் களத்தின் நடுக்கோட்டில் கைகூப்பி நின்றாள். “ஆட்டம் முடியட்டும். முடிஞ்சதுக்குப் பெறகு ரெண்டு பேரும் மனசு வந்தாப் போடுங்க” என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினாள்.

“மரியாதையை மறுத்துட்டாளே!” என்று செயலர் என் பக்கம் திரும்பிப் பதறினார். தம் மடியிலிருந்த மதிப்பீட்டுத் தாளில் ‘பணிவு’ என்ற கட்டத்தில் ஏதோ எழுதினார். அந்தத் தாளில் ‘தோற்றம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘பார்வையாளர் மனநிறைவு’ என்று ஒன்று இருந்தது. ‘தீர்ப்பு சரியா’ என்று ஒன்று இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

ஆட்டத்துக்கு முன் இரு அணித் தலைவர்களையும் அழைத்து அவள் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. “பாட்டு எனக்குக் கேக்கணும். கேக்கலேன்னா ஒருதரம் சொல்லுவேன். பெறகு சொல்ல மாட்டேன்.” இருவரும் தலையாட்டினார்கள். ஆட்டக்காரர்கள் நடுவரிடம் தலையாட்டுவது ஊர்ப் பெரியவரிடம் ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதைப் போன்றது.

எதிரணிப் பையன் ஒருவன் முதலில் வாய்க்குள் முனகிக்கொண்டு வந்தான். அவனை எச்சரித்தாள். அடுத்த முறையும் பாட்டு நடுவில் அறுந்தது. விசில் ஊதி, கையை உயர்த்தி, அவனை வெளியேற்றினாள். கரையூர்க் கூட்டம் ஆர்ப்பரித்தது. “அப்படிப் போடு தாயி! காதுன்னா இது காது!” என்றார் ஒருவர். எதிரணியின் இன்னொருவன் அப்படியே வெளியேறியபோது ஒரு மூதாட்டி எழுந்து நின்று அவளை நோக்கித் தலைக்குமேல் கையைச் சுற்றி நெட்டி முறித்தாள். பண்ணைக்காரர் செயலரைப் பார்த்து, “நல்ல ஆளாப் புடிச்சிருக்கீக அண்ணே” என்றார். செயலர் ‘பார்வையாளர் மனநிறைவு’ கட்டத்தில் தாராளமாக எழுதினார்.

இரு அணிகளும் புள்ளியில் சமமாக நின்றபோது, கடைசியாகப் பாடிச் செல்லும் முறை கரையூர் அணிக்கு வந்தது. சென்றவன் அந்த அணியின் நட்சத்திரம். கடைசிக்கென்று வைத்திருந்ததால் அன்று அவனை அதற்குமுன் ஒரே ஒருமுறைதான் அனுப்பியிருந்தார்கள்; அப்போது பாட்டு கேட்காததற்கு அவனையும் அவள் ஒருதரம் எச்சரித்திருந்தாள். ஏலத்தில் அவனுக்காக இரண்டு முதலாளிகள் முகம் முறித்துக்கொண்டார்கள். கம்பீரமானவன், கயல் துள்ளுவதுபோலத் திரும்புபவன், அதில் ஐயமில்லை. இரண்டு பேரைத் தொட்டான், காலைப் பிடிக்க வந்தவனைத் தாண்டினான், நடுக்கோட்டுக்கு வந்து விழுந்தான். ஊர் எழுந்து ஆடியது. வெடி வெடித்தது. சினிமாப் பாட்டு வீறிட்டது.

அந்தப் பெண் கையை எதிரணிப் பக்கம் உயர்த்தி நின்றாள். பாட்டு அறுந்தது, ஆள் வெளியே, புள்ளி எதிரணிக்கு.

சற்று முன் நெட்டி முறித்த கூட்டம் இது. இப்போது எழுந்த சொற்களில் எழுதத் தக்கவற்றை மட்டும் எழுதுகிறேன். “ஏலே, அந்தம்மா காது டாக்டராடா?” “பாட்டு வேணும்னா ரேடியோ வாங்கச் சொல்லு!” “எம்புட்டு வாங்குனா அங்கன?” “யாருய்யா இந்தக் காலத்துல பாட்டுப் பாக்குறா?” கடைசிக் கேள்வியைக் கேட்டவர் சற்று முன் ‘காதுன்னா இது காது’ என்றவர்தான். அவருடைய வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை இருந்ததால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

பண்ணைக்காரர் மறுஆய்வு கேட்டார். எங்கள் மூவரையும் ஒரு கூடாரத்துக்குள் அழைத்துச் சென்று திரையின்முன் உட்கார வைத்தார்கள். ஒளிப்பதிவை ஓட்டினார்கள். தலைக்கு மேலிருந்து எடுத்த படம், பக்கவாட்டில் எடுத்த படம், மெதுவாக ஓடும் படம், அதனினும் மெதுவாக ஓடும் படம். அவன் தோளில் ஒட்டியிருந்த மணல் துகளைக்கூட எண்ணலாம். ஆனால் ஒலி? ஒலியில் சினிமாப் பாட்டும், வெடியும், எங்கள் பழைய ஆட்டக்காரரின் சொந்த வருணனையும் இருந்தன. ஆட்டக்காரனின் குரல் ஓர் இம்மியும் இல்லை. இத்தனை செலவில் கபடியைப் பதிவு செய்தவர்கள், கபடி பாடப்படுவது என்பதை மறந்திருந்தார்கள்.

செயலர் மனம் தளரவில்லை. திரையருகே மூக்கை வைத்துக் கூர்ந்து பார்த்தார். “உதடு அசையுதே! பாருங்க அய்யா, நல்லாப் பாருங்க. பாடத்தான் செய்யிறான்!”

பாட்டைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஒருவரை அறுபது ஆண்டுத் தமிழ்ப் படிப்பில் நான் அன்றுதான் சந்தித்தேன். “உதடு அசைவதெல்லாம் பாட்டா? பசுவின் உதடும் அசைகிறது” என்றேன்.

பழைய ஆட்டக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “இன்னொருக்க ஓட்டு” என்றார். ஓட்டினார்கள். “மெல்லுறான்” என்றார். “நான் வெத்தலை மெல்லுற வாயி. எனக்குத் தெரியாதா? அவன் என்னமோ மெல்லுறான்.”

அந்த இளைஞனை அழைத்தார்கள். வந்து நின்றவன் வாயில் இன்னும் சூயிங்கம் இருந்தது. பழைய ஆட்டக்காரர் கேட்டார்: “ஏப்பா, பாடுனியா?”

அவன் செயலரைப் பார்த்தான், வாசலில் நின்ற பண்ணைக்காரரைப் பார்த்தான். பிறகு, தன்னைப் போல ஒருகாலத்தில் ஆடிய அந்த மனிதரையே பார்த்துச் சொன்னான்: “இல்லண்ணே. நான் எந்த மேட்ச்லயும் பாடுனதில்ல. இதுக்கு முன்னால யாரும் கேட்டதில்ல.”

அதில் திமிர் இல்லை. பள்ளியில் கணக்கே நடத்தாமல் தேர்ச்சி போட்டு அனுப்பப்பட்ட மாணவன் பேசுவதுபோல எளிமையாகச் சொன்னான்.

பழைய ஆட்டக்காரரும் நானும் தீர்ப்பு சரி என்றோம். செயலர் தவறு என்றார். இருவருக்கு ஒருவர் என்று தீர்ப்பு நின்றது. கரையூர் தோற்றது. நாற்காலிகள் பறந்தன. மிகப் பல. மரியாதை செய்யக் கொண்டுவந்திருந்த துண்டுகளில் ஒன்றைத் தலையில் முக்காடிட்டுக்கொண்டு செயலர் காருக்கு ஓடினார்.

தேர்வுக் கூட்டம் பின்னர் இராமநாதபுரத்தில், செயலரின் கிடங்கில் நடந்தது. அடுக்கிவைத்த அண்டாக்களுக்கும் கால் ஒடிந்த நாற்காலிகளுக்கும் நடுவே நாங்களும், குழுவின் மற்ற நடுவர்களும், அந்தப் பெண்ணும் அமர்ந்திருந்தோம். சேர்ப்பதற்கு மட்டும் மூவரும் ஒப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுச் செயலர் தம் மதிப்பீட்டைப் படித்தார். தோற்றம் நன்று. குரல் நன்று. ‘சீர்மை’ என்ற கட்டத்தில் சுழியம்.

“சீர்மையில் சுழியமா? இரு அணியையும் ஒரே விதியால் அளந்தவள் அவள் ஒருத்திதானே?” என்றேன்.

“அய்யா, சொல்றதைக் கேளுங்க” என்றார் செயலர், ஆத்திசூடி விளக்கும் பாவனையில். “நம்ம குழுவுல யாரும் பாட்டுப் பாக்குறதில்ல. எல்லாரும் ஒரே மாதிரி விட்டுர்றாக. அதுதானே சீர்மை? இந்தப் புள்ளை ஒன்னு மட்டும் தனியாக் கேக்குது. அப்ப சீர்மையக் கெடுத்தது யாரு?”

எல்லாரும் ஒன்றுபோல் தவறினால் அது முறை, ஒருத்தி சரியாகச் செய்தால் அது முறைகேடு. இப்படி ஒரு தத்துவத்தை நான் கற்ற எந்தச் சாத்திரத்திலும் கண்டதில்லை. ஆனால் இந்த நாட்டில் பல அலுவலகங்கள் இதன்மேல்தான் நிற்கின்றன என்பது அப்போது புரிந்தது.

செயலர் பெருந்தன்மையாக ஒரு வழி காட்டினார். “தாயி, உன் பொழப்பைக் கெடுக்க எனக்கு ஆசையா? ஒன்னு செய். ‘குழுவோட பழக்கப்படி நடப்பேன்’னு எழுதிக் குடுத்துரு. இப்பவே சேத்துக்கிருவம்.”

அவள் கைகள் மடியில் இறுகியிருந்தன. விட்டுவந்த வேலையும், அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் அந்தக் கைகளுக்குள் இருந்திருக்கும். அவள் சரி என்று எழுதியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

“எழுதித் தாரேன் சார்” என்றாள். செயலர் முகம் மலர்ந்தது. “ஆனா அந்தப் பழக்கம் என்னன்னு மொதல்ல நீங்க எழுதுங்க. அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடுறேன்.”

“இதுல என்ன இருக்கு?” என்று செயலர் பேனாவைத் திறந்தார். “பாட்டு… பாட்டைப் பொறுத்தமட்டுல…” என்று எழுதி நிறுத்தினார். நடுவர்களைப் பார்த்தார். “சொல்லுங்கப்பா. எப்படிப் பாக்குறீக?”

ஒருவர் சொன்னார்: “நான் மொதப் பாதியில பாப்பேன். ரெண்டாம் பாதியில விட்டுருவேன். அப்பத்தான் ஆட்டம் சூடு புடிக்கும்.”

“என்னத்த சூடு?” என்றார் இன்னொருவர். “நான் புது ஆளுன்னாப் பாப்பேன். பேரு வாங்குன ஆளுகிட்டப் போயிப் பாடுன்னு எப்படிக் கேக்குறது?”

“நான் கடைசிக் கட்டத்துல மட்டும் பாப்பேன்.”

“அன்னைக்கு எங்க ஊரு அணிக்குப் பாத்தியே, அது மொதக் கட்டம்ல?”

“அது வேற.”

“என்ன வேற? உன் மச்சினன் எதிர்ல ஆடுனான், அதுதான் வேற!”

மூத்தவர் ஒருவர் அண்டாவில் சாய்ந்தபடி, “பாட்டா? நான் கடைசியாக் கேட்டது எங்க அய்யா உசுரோட இருந்தப்ப” என்றார்.

கிடங்கு இரைந்தது. எல்லாரும் ஒரே மாதிரி விட்டுவிடுகிறார்கள் என்ற பேருண்மை, அண்டாக்களின் நடுவே ஒரு தேநீர் ஆறும் நேரத்துக்குள் கலைந்துபோனது. தவறுவதில்கூட இவர்களிடம் ஒற்றுமை இல்லை. அந்தப் பெண் அவர்கள் சண்டையை முழுதும் கேட்டுவிட்டு, “இதுல எதை சார் எழுதுறீக?” என்றாள்.

செயலர் பேனாவை மூடினார்.

முடிவை எட்டவைத்தது நீதி என்று எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் பொய். பழைய ஆட்டக்காரர் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து சொன்னார்: “சேத்துக்கிருங்கண்ணே. இல்லேன்னா இங்கன கேட்ட கூத்தை அந்தப் புள்ளை வெளிய போயிச் சொல்லும். பெறகு எந்த முதலாளி உங்க பந்தலுக்கு வருவாக?” அந்த ஒரு வாதம் செயலருக்கு எட்டியது. அவள் பெயர் நிரந்தரக் குழுவில் ஏறியது. யாரும் வாழ்த்தவில்லை. அவளும் நன்றி சொல்லவில்லை. வாசலில் என்னைக் கடக்கையில், “அன்னைக்கு மண்டபத்துல நீங்க சொன்ன சூழ்நிலை இதுதானா சார்?” என்று கேட்டுவிட்டுப் பேருந்து பிடிக்கப் போனாள். நல்ல சொல் ஒன்றையும் அவள் வாயால் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அதன்பின் தொழில்முறைக் கபடியில் ஒரு மாற்றம் நேர்ந்தது உண்மை. அவள் விசில் ஊதும் நாளில், களம் இறங்குமுன் பயிற்சியாளர்கள், “இன்னைக்கு அந்தம்மாடா. பாடித் தொலைங்க” என்கிறார்கள். சென்ற வாரம் திருவாடானைப் பக்கத்தில் ஓர் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். பண்ணைக்காரரின் நட்சத்திரம் நடுக்கோட்டைத் தாண்டும்போதே பாட்டெடுத்தான். குரல் கரடுமுரடு. பழக்கமில்லாத தொண்டை. ஆனால் களத்தின் மூலைவரை சென்று இருவரைத் தொட்டுத் திரும்பும்வரை பாட்டு அறவில்லை. ஒலிபெருக்கியை மீறி என் இருக்கைக்குக் கேட்டது. நான் என்னையறியாமல் எழுந்து நின்றேன். அவள் அவன் பக்கம் கையை உயர்த்திப் புள்ளி கொடுத்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

மறுநாள் அதே களம், அதே இளைஞன், வேறு நடுவர். அவன் வாயில் சூயிங்கம் இருந்தது. ஊமைப் படத்தில் வருபவனைப்போலப் போனான், வந்தான், புள்ளி பெற்றான். எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த செயலர், சீர்திருத்தத்தால் நடுவர் தரம் வெகுவாக உயர்ந்துவிட்டதாக ஒரு நிருபரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலிகள் அன்று பறக்கவில்லை. அவருக்கு அதுவே அளவுகோல்.

இதைப் படித்தோரும், அருகிருந்து படிக்கக் கேட்டோரும், இதில் தம்மைக் கண்டு சினந்தோரும்கூட, கண்மாய் நிறைய நீரும், வலை நிறைய மீனும், வீடு நிறைய நலமும் பெற்று, பிறரை அளக்கும் கோலால் தம்மையும் அளக்கும் திண்மை பெற்று, இறைவன் திருவருளால் நெடிது வாழ்க.